வாடகைக்கு ஓடும் காரைத் தேயவிடாமல் காப்பது எப்படி: புதிதாக டாக்சி எடுத்தவர்களுக்கு

சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார் ஓர் ஆண்டில் ஓடும் தூரத்தை டாக்சி இரண்டு மூன்று மாதத்தில் ஓடி முடித்துவிடும். தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் ‘பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ்’ என்று மனதில் போட்டுக்கொண்டு கிலோமீட்டர் காட்டும் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுகிறார்கள். இன்ஜின் கெட ஆரம்பிப்பது அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாற்கரச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்வரும் வண்டி, 10,000 கிலோமீட்டரை 125 மணி நேரத்தில் ஓடிவிடும். கிண்டி, வடபழனி, அண்ணா நகர் என்று ஊருக்குள் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அதே தூரம் ஓட 500 மணி நேரம் ஆகும். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். இன்ஜின் சுற்றிய நேரமோ நான்கு மடங்கு. இது போதாதென்று, விமான நிலையத்தில் சவாரிக்காக ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் நேரம் மீட்டரில் ஏறவே ஏறாது. ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வாடகை வண்டி வைத்திருப்பவர் கிலோமீட்டரோடு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இனி சொல்லப்போவது எல்லாமே அந்தக் கண்ணோட்டத்தில்தான். பெட்ரோலிலோ சி.என்.ஜி.யிலோ ஓடும் டிசையர் டூர் போன்ற சிறிய செடானை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கையேட்டில் ஒரு பக்கம், கையில் ஒரு நோட்டு

வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். பராமரிப்பு அட்டவணையை ஒட்டியே, கடுமையான ஓட்டத்துக்கென்று இன்னொரு அட்டவணை இருக்கும். அடிக்கடி நின்று கிளம்புவது, நீண்ட நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுவது, புழுதிச் சாலை, கடும் வெயில், மேலே கேரியர் போட்டுப் பாரம் ஏற்றுவது என்று அதற்கான நிபந்தனைகளை அச்சடித்திருப்பார்கள். தமிழ்நாட்டு டாக்சிக்கு இதில் பெரும்பாலும் எல்லாமே பொருந்தும். சாதாரண அட்டவணையில் 10,000 என்று போட்டிருந்தால் இங்கே ஏறக்குறைய பாதியாக இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியது இந்தப் பக்கம்தான். அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, என்ன பாகம், எவ்வளவு ரூபாய். இந்த ஐந்து விஷயம் போதும். உங்களுக்குப் பதிலாக ஆக்டிங் டிரைவர் ஓட்டும் நாளிலும் அவரை எழுதச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்கியிருந்தால், ‘போன மாசம்தான் எல்லாம் மாத்தினேன்’ என்று விற்றவர் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பில் இருந்தால் மட்டும் நம்பலாம். இல்லையென்றால் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு நோட்டின் முதல் வரியை எழுதுங்கள். செலவுதான். ஆனால் அன்றிலிருந்து உங்கள் வண்டிக்கு ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கிறது.

2. காலையில் ஐந்து நிமிடம்

சாவியைத் திருகுவதற்கு முன்பு செய்ய வேண்டியது இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

முதலில் குனிந்து வண்டி நின்ற தரையைப் பாருங்கள். முன்பக்கம் இடது ஓரமாகச் சொட்டியிருக்கும் வெறும் தண்ணீர் ஏ.சி. தண்ணீர், அதற்குப் பயப்பட வேண்டாம். கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் ஆயில். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு ஒட்டினால் கூலன்ட். சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் கசிந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்றைக்கு முதல் சவாரி மெக்கானிக் ஷெட்டுக்குத்தான்.

பிறகு பானட்டைத் தூக்கி ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். மேல் குறியைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. அதிகமானால் இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அடித்து நுரையாகும், நுரைத்த ஆயில் வழுக்காது. கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா இரண்டின் அளவையும் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். கூலன்ட் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஊற்றி ஊற்றிச் சமாளிக்காமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வண்டியை ஒரு சுற்று சுற்றி நான்கு டயரையும் பார்த்துவிட்டு, விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்பதைச் சுவரை ஒட்டி நிறுத்தி, பின்னால் விழும் சிவப்பு வெளிச்சத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

3. ஆயில்

இந்தத் தொழிலில் இன்ஜினைக் காப்பாற்றுவதும் கொல்வதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயில் வெறும் வழுக்கலுக்கு மட்டும் இல்லை. பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு வருவதும், எரிந்த கரியைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வதும் அதன் வேலை. அதற்காக அதில் கலந்திருக்கும் மருந்துகள் நேரம் ஆக ஆகத் தீர்ந்துபோகும். நெரிசலில் நிற்கும்போது முன்னாலிருந்து காற்று வராது, ஆயில் கூடுதலாகச் சூடாகும். எரியாத பெட்ரோலும் துளித் துளியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். வெளியே கிலோமீட்டர் ஏறாத அதே நேரத்தில் உள்ளே இத்தனையும் நடக்கிறது. ஊருக்குள் மட்டுமே ஓடும் டாக்சிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்பது என் முடிவான கருத்து. பெரும்பாலும் வெளியூர் டிரிப் ஓடும் வண்டி 7,000, 8,000 வரை போகலாம்.

ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் கிரேடு, கையேட்டில் இருப்பதுதான். 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும் இன்ஜினுக்கு, ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்’ என்று 20டபிள்யூ-40 ஊற்றும் ஷெட்டுகள் இன்னும் இருக்கின்றன. இன்றைய இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் மிகவும் குறுகலானவை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம்.

நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோடாதீர்கள். டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பெட்ரோலிலும் கறுப்பது என்றால் அது கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் பொருள். பயப்பட வேண்டிய நிறம் ஒன்று உண்டு: டிப் ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் அடியிலோ பால் விட்ட காபி போல ஆயில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள்.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேனின் சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும். காலிக் கேனைக் கேட்டு வாங்கி, ஓட்டை போட்டுவிடுங்கள், அல்லது எடுத்துக்கொண்டு போங்கள். நல்ல பெயர் போட்ட காலிக் கேன்களில்தான் போலி ஆயில் திரும்பி வருகிறது. ட்ரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான், அதை மிச்சம் பிடித்துக் கசியவிட வேண்டாம்.

டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் கேன் படம் எரிந்தால் அடுத்த பங்க் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் இன்ஜின் ஓடினால் பேரிங்குகள் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு வேறு. அது நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் ஸ்கேன் செய்யலாம். விட்டு விட்டு எரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அப்படியே ஓட்டினால் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்து போகும்.

4. சூடு

சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலையில் நின்றுகொண்டு, ஏ.சி.யை முழுசாக வைத்து, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஊர்வது ரேடியேட்டருக்குப் பெரிய சோதனை. காற்று தானாக வராத நேரத்தில் எல்லாம் ஃபேனை நம்பித்தான் வண்டி இருக்கிறது. அதனால் மாதம் ஒருமுறை ஏ.சி.யைப் போட்டுவிட்டுப் பானட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கூலன்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அதிலும் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாகக் குழாய்களுக்குள் படியும், வாட்டர் பம்பையும் அரிக்கும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, துருப்பிடிக்காமலும் காக்கிறது. ஏற்கெனவே கலந்து வருவதா, டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலக்க வேண்டியதா என்று லேபிளைப் படியுங்கள். ஒரு வகை இருக்கும்போது இன்னொரு வகையை மேலே ஊற்றாதீர்கள். வழியில் வேறு கதி இல்லாமல் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

ரேடியேட்டருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டன்சருக்கும் இடையில் பூச்சி, புழுதி, பஞ்சு எல்லாம் அடைந்து கிடக்கும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது மெல்லிய அழுத்தத்தில் கழுவச் சொல்லுங்கள். ஜெட் வைத்து நேராக அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபடும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது வெப்ப முள் ஏறினால் (சில வண்டிகளில் முள் இருக்காது, சிவப்பு விளக்கு மட்டும்தான்) ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுசாக வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். பயணிகளுக்குச் சிரமம்தான், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாதுகாப்பாக ஓரம் கட்டியதும் அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முகமும் மார்பும் வெந்து போனவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ‘வீடு வரைக்கும் போயிடலாம்’ என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அதற்கு ஆகும் செலவு வண்டிக் கடனின் ஒரு மாத டியூவைத் தின்றுவிடும், வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களின் வருமானம் தனி.

5. கிளட்ச்

ஒரே மாதிரி இரண்டு வண்டியில் ஒன்றின் கிளட்ச் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டுவதும் மற்றொன்றில் நாற்பதாயிரத்தில் போவதும் ஓட்டுகிறவரின் இடது காலால்தான். பாதம் பெடல் மேலேயே ஓய்வெடுக்கக் கூடாது. மேம்பாலச் சரிவில் வரிசை நிற்கும்போது அரைக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். இறக்கியிருக்கும்போதே ஃப்ளைவீலையும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் சில வாரத்தில் ஆயிலில் நனைந்துவிடும்.

6. பிரேக்கும் மலைப்பாதையும்

பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். பல பேட்களில் ஒரு தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். ரேடியோவைக் கூட்டி அந்தச் சத்தத்தை மறைத்து ஓட்டினால் அடுத்தது இரும்போடு இரும்பு தேய்ந்து டிஸ்க்கும் போகும். பின்பக்க டிரம்மைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் தூசியைத் துடைத்து ஷூவைப் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். ஊருக்குள் இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது தெரியும். டிஸ்க் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிரம்பினால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. மலை டிரிப் எடுக்கிறவர் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மலையிலிருந்து இறங்கும் முறை பழைய டிரைவர்கள் சொல்வதுதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காமல், கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், டிஸ்க் ஆறட்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் இன்றைக்கும் பலரிடம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து நினைப்பு அது. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக் பூஸ்டரும் போகும், பவர் ஸ்டியரிங்கும் போகும்.

7. டயரும் அடியில் வரும் சத்தங்களும்

காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவு, முழுப் பாரத்துக்கு ஓர் அளவு என்று இரண்டு போட்டிருப்பார்கள். குடும்பத்தோடும் பெட்டிகளோடும் வெளியூர் போகும் நாளில் இரண்டாவது அளவு. டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். நைட்ரஜனா சாதாரணக் காற்றா என்பது பெரிய விஷயம் இல்லை. வாரம் ஒருமுறை பார்ப்பதுதான் விஷயம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

தேய்ந்த விதத்தை வைத்து டயர் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் சாக்கப்சரைப் பாருங்கள். டயரின் மேற்பரப்பில் இருக்கும் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சிறிய மேடு ஒன்று இருக்கும். பட்டன் அந்த உயரத்துக்குத் தேய்ந்தால் மீதம் 1.6 மில்லிமீட்டர்தான். அதுவே சட்டப்படி கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு முன்பு 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பழைய டயரைப் புதிது என்று விற்கப் பார்த்தால் இதைக் காட்டிக் கேளுங்கள். பக்கவாட்டில் பஞ்சர் ஆனாலோ வீங்கினாலோ அந்த டயரை ஒட்டி ஓட்ட முடியாது.

அடியில் வரும் சத்தங்களைப் பழகிக்கொண்டால் செலவு பாதியாகும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட கட’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகம் கூடக் கூட ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் கூடினால் வீல் பேரிங். டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருப்பதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் மண் புகுந்து ஜாயின்ட்டே போகும்.

8. சின்ன வேலைகள்

ஏர் ஃபில்டரை ஆயில் மாற்றும்போதெல்லாம் எடுத்துத் தட்டிப் பாருங்கள். கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரைக்கும் நம் ஊர்ப் புழுதியில் அது தாங்காது. ஏ.சி. உள் ஃபில்டர் அடைத்தால் குளிர் குறையும், வாடை வரும், பயணி கொடுக்கும் ஸ்டாரும் குறையும். பேட்டரியை வெயில்தான் சாகடிக்கிறது. இன்ஜின் ஓடாமல் 12.6 வோல்ட்டும், ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவுங்கள். மூன்று ஆண்டு ஓடிய பேட்டரியை இரவு டிரிப்புக்கு நம்பாதீர்கள்.

9. சி.என்.ஜி. வண்டி என்றால்

சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தம். அதனால் 3 ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை இறக்கி, தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கேஸ் நிரப்பும்போது எல்லோரையும் கீழே இறக்குங்கள், மழை பெய்தாலும்.

கேஸில் ஓடும்போது ஸ்பார்க் பிளக்குக்கு வேலை அதிகம், சீக்கிரம் தேயும். இன்ஜின் இழுவை குறைந்து குலுங்கினால் முதலில் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும். கேஸ் மலிவு என்பதற்காகப் பெட்ரோல் டேங்க்கைக் காயவிடாதீர்கள். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும், தினமும் சில கிலோமீட்டர் பெட்ரோலிலும் ஓட்டுங்கள். கேஸ் வாடை வந்தால் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்பதை வண்டி எடுத்த அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

10. மழை, வெள்ளம்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததும் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்த ஆரம்பித்தது அந்த அனுபவத்தால்தான். அவர்கள் செய்தது சரி. டாக்சிக்காரருக்கு வண்டி போனால் வீட்டில் உலையும் போகும்.

தண்ணீர் சக்கரத்தின் நடு அளவுக்கு இருந்தால் இறங்காதீர்கள், பயணி எவ்வளவு அவசரப்படுத்தினாலும். வண்டி தண்ணீரில் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சாதாரண இன்சூரன்ஸில் தண்ணீரால் கெட்ட இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அதற்கென்று இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை தனியாக எடுக்க வேண்டும். புதுப்பிக்கும்போது அதைக் கேளுங்கள்.

11. மெக்கானிக்கும் ஸ்பேரும்

வாரன்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ். பில்லை எல்லாம் பத்திரப்படுத்துங்கள், வாரன்டி கேட்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். வாரன்டி முடிந்ததும் நம்பிக்கையான ஷெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போங்கள். பத்து இடத்துக்கு மாறி மாறிப் போகும் வண்டியின் வரலாறு யாருக்கும் தெரியாது. நல்ல மெக்கானிக் எது இன்னும் ஐயாயிரம் தாங்கும், எதை இன்றே மாற்ற வேண்டும் என்று பிரித்துச் சொல்வார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதில் தவறே இல்லை.

சென்னையில் ஜி.பி. ரோட்டில் புது ஸ்பேர் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்த பாகங்கள் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர், சீட் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதையும் பழையதில் வாங்காதீர்கள். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் இரண்டிலும் போலி நிறைய உலவுகிறது. பில் தரும் கடையில், ஹோலோகிராமும் எம்.ஆர்.பி.யும் உள்ள பெட்டியோடு வாங்குங்கள்.

12. தனியாக எடுத்துவைக்கும் பணமும் எஃப்.சி. தேதியும்

நான்கு டயர் 18,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டரும் டயரில் மட்டும் 45 காசைத் தேய்க்கிறது. இதே மாதிரி ஆயில், பேட், கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன் என்று உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒரு மாலை உட்கார்ந்து கணக்கு எழுதுங்கள். பெரும்பாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயை ஒட்டி வரும். அந்தத் தொகையை அன்றன்றைய ஓட்டத்துக்கு ஏற்பத் தனிக் கணக்கில் போடுங்கள். டியூவுக்கும் வீட்டுச் செலவுக்கும் முன்பு எடுக்க வேண்டிய பணம் இது. அது உங்கள் சம்பாத்தியம் இல்லை, வண்டி உங்களிடம் கொடுத்து வைத்திருப்பது.

வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்றான எஃப்.சி.யையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புது டாக்சிக்கு முதல் 2 ஆண்டு செல்லும், வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரேக், ஹேண்ட் பிரேக், விளக்குகள், ஹாரன், வைப்பர், டயர், புகை எல்லாவற்றையும் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிங்கரிங், பெயின்ட் வேலை இருந்தால் அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், அதை முதலில் கொடுங்கள். சீசன் இல்லாத வாரமாகப் பார்த்து வண்டியை விட்டால் சவாரி இழப்பும் குறையும்.